வளவு அறையில் ஒரு டிவி கேம் பெட்டி

வணக்கம் ஐயா,

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீடு பங்காளிகளுக்குப் பொது. வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, ஓர் அறை. ஆண்டுக்கு ஒருமுறை படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும்போதுதான் பூட்டைத் திறப்போம். அந்த அறையில் பாதியை என் வீட்டுக்காரர் சிறு வயதில் விளையாடிய டிவி கேம், கேசட்டுகள், அதோடு வந்த விளையாட்டுத் துப்பாக்கி, பழைய பெட்டி டிவி, கையில் வைத்து ஆடும் பிரிக் கேம் எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த முறை பிள்ளைகளுக்கு (10 வயது, 6 வயது) காட்ட ஆசைப்பட்டு, புது டிவியில் மாட்டினார். பல கேசட்டுகள் ஓடவே இல்லை. ஓடியதும் கறுப்பு வெள்ளையில் வந்தது. பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அவர் முகம் வாடிவிட்டது. அப்பத்தா எதையும் எறியக் கூடாது என்கிறார். எனக்கோ இடம் வேண்டும். எதை வைப்பது, எதைக் கழிப்பது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கழிக்கிற வேலையை இப்போது தொடாதீர்கள். முதலில் ஓட வையுங்கள். ஓடுமா ஓடாதா என்று தெரியாத பொருளை நடுவில் வைத்துக்கொண்டு பேசினால், அவர் எல்லாவற்றையும் வைக்கச் சொல்வார், நீங்கள் எல்லாவற்றையும் எறியச் சொல்வீர்கள்.

90களில் நம் பக்கம் விற்ற 8 பிட் டிவி கேம்கள் பெரும்பாலும் நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்கள். பல நகல்களுக்கு 9 வோல்ட் டிசி அடாப்டர். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், ஆகவே துளைக்குப் பக்கத்திலோ அடியிலோ அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல் எந்த அடாப்டரையும் செருக வேண்டாம். மாற்றிக் கொடுத்தால், உள்ளே 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டர் போய்விடலாம். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்தால் பழைய அடாப்டர் 12, 13 வோல்ட் காட்டக்கூடும். லோடு ஏறியதும் இறங்கிவிடும், பயம் வேண்டாம்.

கேசட்டைத்தான் எல்லாரும் தவறாகக் கையாளுகிறார்கள். வாயால் ஊதாதீர்கள். ஊதிய பிறகு ஓடுவது, கழற்றி மறுபடி செருகியதால்தான். வாயின் ஈரம் கேசட் விளிம்பில் இருக்கும் செம்புப் பட்டையில் படிந்து பச்சை பிடிப்பதுதான் மிச்சம். செல்போன் ரிப்பேர் கடையில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டு வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து, பக்கத்துக்கு 30 பட்டை வீதம் இரண்டு பக்கமும் துடையுங்கள், பஞ்சு கறுப்பாகாமல் வரும்வரை. கறை போகாவிட்டால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஐபிஏ. நன்றாகக் காய்ந்த பின் நாலைந்து முறை செருகி எடுத்தால் பெட்டிக்குள் இருக்கும் பின்களும் சுத்தமாகும். அப்படியும் ஓடாத கேசட்டைத் திறந்து பாருங்கள். சிப் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு போன்ற கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை.

கறுப்பு வெள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் டிவிதான். புது டிவிகள் பலவற்றில் மஞ்சள் ஒயருக்குத் தனித் துளை கிடையாது, பச்சைத் துளையிலேயே செருக வேண்டும். அப்போது உள்ளீட்டைக் ‘காம்பொனென்ட்’ என்று வைத்திருந்தால் நிறம் வராது. ‘ஏவி’க்கு மாற்றுங்கள். அதிலும் வராவிட்டால் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலிருந்து ‘பால்’ (PAL), ‘என்டிஎஸ்சி’ (NTSC) என்று மாற்றிப் பாருங்கள். படத்தை 4:3இல் வையுங்கள். கேம் மோட் இருந்தால் போடுங்கள், படம் தாமதமாக வருவது குறையும். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்து மாரியோ குதித்தால் எந்தப் பிள்ளையும் உட்காராது.

அந்த மாரியோவை முதலில் போடவும் வேண்டாம். அதில் இரண்டு பேர் என்றால் மாறி மாறித்தான் ஆட வேண்டும். அக்காவோ அண்ணனோ ஆட்டத்தில் சாகும்வரை ஆறு வயது காத்திருக்காது. டேங்க் கேம் போடுங்கள் (நாம்கோ நிறுவனம், 1985). இருவரும் ஒரே திரையில், தளமாக இருக்கும் கழுகைக் காப்பது ஒரே வேலை. கூட்டாளியின் குண்டு பட்டால் சாவதில்லை, சற்று நேரம் டேங்க் உறைந்து நிற்கும், அதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற இடத்தில் பிள்ளையே செங்கல், தண்ணீர், இரும்பு வைத்துத் தன் களத்தை வரையலாம். பெட்டியை அணைத்தால் அழிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கான்ட்ரா, அதிலும் இருவரும் சேர்ந்து சுடலாம். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை தடுமாறும்போது கன்ட்ரோலரை வாங்கி ஆடிக் காட்ட வேண்டாம். இரண்டாவது கன்ட்ரோலர் அவர் கையில் இருந்தால் போதும்.

இனி இடம். துப்பாக்கியும் பெட்டி டிவியும் ஒரே முடிவுக்கு உட்பட்டவை. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சென்சார் பிடிக்கிறது. எல்சிடி அந்தப் படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் குறி ஒருபோதும் விழாது. டிவி படம் காட்டுகிறது, வாத்து சுடுவது அவருக்கு உயிர் என்றால் இரண்டையும் வையுங்கள். டிவி செத்திருந்தால் துப்பாக்கியையும் விடுங்கள்.

பிரிக் கேமில் பேட்டரி கசிந்திருக்கும். சாதா பேட்டரி என்றால் சமையல் சோடாக் கரைசல், அல்கலைன் என்றால் வினிகர், பஞ்சில் தொட்டு ஸ்பிரிங்கைத் துடைத்துக் காய வையுங்கள். அதன் பிறகும் திரையில் கோடுகள் விட்டுவிட்டு வந்தால் போகட்டும்.

வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், சரிபார்த்த அடாப்டர், ஓடுகிற கேசட்டுகளில் அவரே பொறுக்கும் ஐந்தாறு. ‘99999 கேம்’ என்று போட்ட கேசட்டுகளில் அதே சில ஆட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும், ஒன்று போதும். அட்டைப்பெட்டி கரையானுக்குத் தீனி. இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ரப்பர் பேண்ட் நம் வெயிலுக்கு இளகி ஒயரில் ஒட்டும், நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மேல்மாடி ஓட்டுக்கு அடியில் வேண்டாம், கீழ் அறையில் ஒரு பலகை மேல் போதும். உள்ளே இருப்பதைச் சிட்டை எழுதி மூடியில் ஒட்டி, அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றது போவதை அவர் அவ்வளவு தடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டி டிவியின் பின்மூடியை வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், அணைத்த பிறகும் தேங்கி நிற்கலாம். பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள். செம்புக் கம்பிக்காகப் படக்குழாயை உடைப்பார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.