வாசகர் கேள்வி: முற்றத்துக்கு எரிவாயு ஹீட்டர்

கேள்வி: நுவரெலியா வீட்டு முற்றத்துக்கென வெளிநாட்டிலிருந்து தருவித்த புரொப்பேன் ஹீட்டரைப் பூட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு 6

பதில்: கொழும்பு வெக்கையில் இதற்கு வேலையில்லை, நுவரெலியாவுக்கென்றால் சரி. இங்கு விற்கப்படும் சமையல் எரிவாயு தனிப் புரொப்பேன் அன்று, பியூட்டேனும் கலந்தது. ஆகையால் அக்கலவைக்கும் ஏற்றதென்று ஹீட்டரின் கையேடு கூறினால் மட்டுமே, சிலிண்டரின் வாய்க்குப் பொருந்தும் ரெகுலேட்டருடன் பயன்படுத்துங்கள். அடித்தட்டைச் சமதரையில் இருத்திக் கம்பத்தைப் பூட்டி, குழாயை இணைத்து, சிலிண்டரைத் திறந்ததும், பற்றவைக்குமுன் ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்போர் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட மடமை வேறில்லை. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு பாரமானதால், கசிந்தால் தரையோடு தேங்கும். அடைத்த விறாந்தையிலோ காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் சேரும். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். ஹீட்டரை அணைத்து, அது ஆறிய பின்னரே, சிலிண்டரை வெளியில் வைத்து மாற்றுங்கள்.