ஏழரை வயதில் அக்குள் வாடை

"மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன மாதம் 8 வயது முடிந்தது. ஆறு மாதமாக அக்குளில் பெரியவர்களைப் போல வேர்வை வாடை. எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் தேய்த்தேன், சிவந்துவிட்டது. ரோல்-ஆன் போட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். பிராய்லர் கோழியையும் நிறுத்திவிட்டேன். எந்த டியோடரன்ட் நல்லது?" - வாசகி, திருச்சி

கோழியை ஏன் நிறுத்தினீர்கள் என்பது புரிகிறது. பிள்ளை சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவாளோ என்று பயப்படுகிறீர்கள். அதை முதலில் பேசுவோம்.

8 முடிந்துவிட்டது, சரி. ஆனால் வாடை தொடங்கியது ஏழரையில். பெண்ணுக்கு 8, பையனுக்கு 9 வயதுக்கு முன்பே இந்த வாடை வந்தால் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் முந்திக்கொண்டு ஹார்மோன் சுரக்கத் தொடங்கியிருக்கும், அதனால் கெடுதல் இல்லை. வாடை மட்டும் இருந்தால் மாதவிடாய் நெருங்கிவிட்டது என்று அர்த்தமும் இல்லை.

ஆனால் குளிப்பாட்டும்போது பாருங்கள். மார்புக் காம்புக்கு அடியில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறதா? ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் கணக்குதான். அக்குளிலோ கீழேயோ முடி முளைத்திருக்கிறதா? ஜூனில் தைத்த யூனிஃபார்ம் அதற்குள் குட்டையாகிவிட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தத்தில் ஹார்மோனும் பார்ப்பார்கள். பருவம் உண்மையிலேயே முந்தியிருந்தால் ஊசி போட்டுத் தள்ளிவைக்க முடியும். கவனிக்காமல் விட்டால், இப்போது மளமளவென்று வளர்கிற பிள்ளையின் எலும்பு வளர்ச்சி சீக்கிரமே நின்று, கடைசியில் உயரம் குறைந்துபோகலாம். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் பதற்றம் வேண்டாம், அடுத்த சில வாரங்களில் காட்டினால் போதும்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. அது சீக்கிரம் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும்தான். தாராளமாகக் கொடுங்கள். உடல் எடை அதிகமாக இருந்தால் மட்டும் அதைக் கவனியுங்கள், பருவம் முந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ரோல்-ஆன் போடுவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எலுமிச்சை, ஆப்ப சோடா இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். சமையலறைப் பொருள் என்பதால் தோலுக்குச் சாது என்று யார் சொன்னது? சிவப்பு ஆறும்வரை அங்கே எதுவும் பூச வேண்டாம்.

அந்த வேர்வைக்குத் தனியாக வாடை கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வருகிறது. காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துவைத்த பருத்தி உள்சட்டை போட்டால் பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். அப்புறமும் வாடை இருந்தால் வாசனை சேர்க்காத ரோல்-ஆன் வாங்குங்கள். வேர்வையையே அடைக்கும் ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட் இந்த வயதுக்குத் தேவையில்லை, லேபிளைப் படித்து வாங்குங்கள். முழங்கை மடிப்பில் இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டு அக்குளுக்குப் போங்கள். அப்பாவின் பாடி ஸ்பிரே வேண்டவே வேண்டாம், வீசிங் இருக்கும் பிள்ளைக்கு அது இழுப்பைக் கிளப்பிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது பள்ளியில் உயரம், எடை எழுதிக் கொடுத்த பழைய அட்டைகளை எடுத்துப் போங்கள்.