ஏழு பேர் வருகிறார்கள், எத்தனை பேரை உட்கார வைப்பது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடத் தொடங்குகிறோம். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக இருப்பது எனக்கு இதுவே முதல் முறை. நான்கு பேர் போதும் என்று நினைத்தேன். இப்போது என்னைத் தவிர ஏழு பேர் வருகிறேன் என்கிறார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏழு பேரையும் வைத்து நடத்த முடியுமா?

பதில்: ஒரே மேசையில் ஏழு பேர் வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து இடம் என்று வையுங்கள், மூன்று பேர் வந்துவிட்டாலே தொடங்குங்கள். மிச்சம் இரண்டு பேரை விலக்க வேண்டியதில்லை, அதற்கு வழி இருக்கிறது. அதற்கு முன் ஏழு ஏன் கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம்.

மூன்று மணி நேர ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்து, போன முறை எங்கே விட்டோம் என்று பேசி முடிக்கவே அரை மணி நேரம் போய்விடும். மீதி 150 நிமிடத்தில் உங்கள் வர்ணனையும் நீங்கள் பேசும் பாத்திரங்களும் ஒரு மணி நேரம் எடுக்கும். 90 நிமிடம்தான் ஆடுபவர்களுடையது. நான்கு பேர் என்றால் ஆளுக்கு 22 நிமிடம் கிடைக்கும். ஏழு பேர் என்றால் 13 நிமிடம்கூட இல்லை. அதுவும் சமமாகப் பிரிந்தால்தான். நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டால் மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்பது நிமிடம்தான்.

சண்டை வந்தால் இன்னும் மோசம். என்ன செய்வது என்று யோசித்து, பகடை உருட்டி, கூட்டிச் சொல்ல ஒருவருக்குச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும், புதியவருக்கு மூன்று. ஏழு பேர் ஆடினால், ஒருவர் தன் முறை முடிந்து மீண்டும் தன் முறை வரும்வரை கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். கை தானாக போனுக்குப் போகும். முறை வந்ததும் “என்ன நடந்தது?” என்பார், நீங்கள் திரும்பச் சொல்வீர்கள், அடுத்தவரின் காத்திருப்பு இன்னும் நீளும்.

எதிரியின் கணக்கும் கெடும். ஏழு பேரும் ஒரே டிராகனை அடித்தால் அது ஒரு முறை அடிப்பதற்குள் ஏழு அடி வாங்கிவிடும். அது எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப் புள்ளிகளைக் கூட்டினால் சண்டை இழுத்துக்கொண்டே போகும். அடியின் வலிமையைக் கூட்டினால் பலவீனமான பாத்திரம் ஒரே அடியில் விழும். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: அதன் கணக்கு நான்கு பேருக்கானது. நடுத்தரச் சண்டைக்கு எதிரிகளைச் சேர்க்க 80 புள்ளி, கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 20 புள்ளி. அந்தக் கூடுதல் புள்ளிக்கு எதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது, ஒரே எதிரியை வலுவாக்குவது அல்ல. ஆனால் எதிரிகள் கூடினால் உங்கள் முறையும் நீளும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம்.

சரி, ஏன் ஐந்து? வருகிறேன் என்பவர் எல்லா வாரமும் வருவதில்லை. ஒவ்வொருவரும் பத்தில் எட்டரை முறை வருவார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்து பேரும் ஒன்றாக வரும் வாய்ப்பு 44 சதவீதம்தான். மூன்று பேர் போதும் என்று முடிவு செய்துவிட்டால் ஆட்டம் நடக்கும் வாய்ப்பு 97 சதவீதம். எல்லோரும் வரட்டும் என்று தள்ளிப்போட்டே கலைந்துபோகிற குழுக்கள்தான் அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்துபவர்கள், அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள் ஆகியோரிடம் போனால் “எட்டுப் பேரா, தாராளமாக நடத்தலாம்” என்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவருக்கு எட்டாவது ஆளால் நஷ்டமில்லை, நஷ்டம் மற்ற ஏழு பேருக்கு. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் தருவார்கள்: அதிகபட்சம் எத்தனை இடம்? நடுவில் புது ஆளைச் சேர்ப்பீர்களா? ஆள் குறைந்து ரத்தானால் பணம் திரும்ப வருமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ஆட்டப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். அதிகபட்சம் எத்தனை பேர் ஆட முடியும் என்றுதான் அது சொல்கிறது. எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்று பெட்டியின் மேலேயே நேராகச் சொல்ல இந்தப் பதிப்பாளர்களுக்கு இத்தனை வருடமாகியும் ஏன் மனம் வரவில்லை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே 50 பேர் வரை ஆடலாம் என்று போட்டிருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். போட்டிருப்பது உண்மை. ஆனால் அது ஒரு முழு காம்பெய்னில், அதாவது பல ஆட்டங்களாகத் தொடரும் கதையில், சேரக்கூடியவர்களின் எண்ணிக்கை. அத்தனை பேரும் ஒரே இரவில் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை.

உங்களுக்கான வழியும் இதில்தான் இருக்கிறது. ஏழு பேரும் குழுவில் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஐந்து பேர் ஆடட்டும். நான்கு நாள் முன்பே பெயர் கேளுங்கள். போன முறை இடம் கிடைக்காதவருக்கு முதல் இடம். இந்த விதி இல்லாவிட்டால் முந்திக்கொள்ளும் அதே ஐந்து பேர் மட்டுமே ஆடுவார்கள், மற்ற இருவரும் மெல்ல நின்றுவிடுவார்கள்.

கதை ஒரே இரவில் முடிய வேண்டும். ஊரிலிருந்து கிளம்பி, குகைக்கோ பாழடைந்த கோட்டைக்கோ போய், ஊருக்கே திரும்ப வேண்டும். குகைக்குள் பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை வேறு ஐந்து பேர் வருவார்கள், உள்ளே நின்றவர்களை என்ன செய்வீர்கள்? அதனால் முடிக்க அரை மணி இருக்கும்போதே “திரும்பலாமா?” என்று கேட்டுவிடுங்கள். பல மாதம் நீளும் அரசவைச் சதி மாதிரியான கதையை இந்த முறையில் தொடவே தொடாதீர்கள். வரைபடமும் நடந்ததைப் பற்றிய குறிப்பும் ஏழு பேருக்கும் பொது, ஆடியவர்களில் ஒருவர் அன்றே எழுதிவிட வேண்டும். பாத்திரத்தின் வலிமையைக் காட்டும் லெவலை வந்தவருக்கு மட்டும் கூட்டாமல் எல்லோருக்கும் ஒன்றாகவே கூட்டுங்கள், பிறகு சண்டைக் கணக்கு உங்களைப் படுத்தாது.

ஏழு பேரில் ஒருவர் நானும் நடத்துகிறேன் என்று முன்வந்தால் மூன்று மூன்று பேராக இரண்டு மேசை போட்டுவிடலாம். மூன்று பேர் மேசையில் காயம் ஆற்றுபவர் இல்லாமல் போகலாம், அதற்கு ஆளுக்கு இரண்டு மருந்துக் குப்பி கொடுத்துத் தொடங்குங்கள்.

யாரிடமும் தனியாகப் பேசிச் சங்கடப்பட வேண்டாம். ஏழு பேருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: “குழுவில் எல்லோரும் இருக்கிறோம். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து இடம். இந்த முறை கிடைக்காதவருக்கு அடுத்த முறை முதல் இடம். மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு.” முதல் ஆட்டத்தின் தேதியையும் அதே செய்தியில் போட்டுவிடுங்கள்.