வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்குத் தொழிலாளர் இழப்பீடு கிடைக்குமா?

இருசக்கர வண்டியில் ஆலைக்குச் சென்றபோது விபத்தில் சிக்கிய உங்கள் தம்பிக்கு, "கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் இத்தகைய மனுக்களை எழுதிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதில் இன்று செல்லாது.

ஒரு காலத்தில் அதற்குச் சட்டத்தின் துணை இருந்தது உண்மைதான். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கே இழப்பீடு என்பது 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் விதி. பொதுப் படகில் உப்பங்கழியைக் கடக்கையில் மூழ்கி இறந்த போர்பந்தர் உப்பளத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு 1958இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 1963இலோ, பணி முடிந்து தம் நிறுவனத்தின் வேறொரு பேருந்திலேயே வீடு திரும்பும்போது இறந்த பம்பாய் 'பெஸ்ட்' ஓட்டுநரின் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்றது. சைக்கிளில் வேலைக்கு வந்தவரை ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதிய வழக்கில், 1996இல் மீண்டும் மறுப்பே கிடைத்தது. ஷிப்ட் தொடங்கப் பதினைந்து நிமிடங்களே இருந்தன என்பதுகூட அவருக்கு உதவவில்லை.

2010 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத் திருத்தம், 51-இ பிரிவின் மூலம் இந்நிலையை மாற்றியது. வீட்டிலிருந்து பணிக்கு வரும்போதோ பணி முடிந்து திரும்பும்போதோ நேரும் விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதை நிறுவினால், அது வேலையின்போது நேர்ந்ததாகவே கருதப்படும். ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணிப் பணிக்காக மோட்டார் சைக்கிளில் சென்றபோது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னதாக விபத்தில் இறந்தார். 2003இல் நடந்த அவ்விபத்துக்கு 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றத்தின் இறுதி விடை கிடைத்தது: 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவ்வாறே பொருள்கொள்ள வேண்டும், அத்திருத்தம் முந்தைய விபத்துகளுக்கும் பொருந்தும். குடும்பத்துக்கு 3,26,140 ரூபாயும் வட்டியும் உறுதியாயின. இருபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்புக்கு அது சிறிய தொகை என்பது என் எண்ணம்.

அந்தக் காவலாளியின் வழக்கை உறுதியாக்கியது நேரம்தான். அந்த வேளையில் அந்தச் சாலையில் அவர் செல்வதற்கு வேலையைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை. ஆகவே உங்கள் தம்பி முதலில் திரட்ட வேண்டியது அன்றைய ஷிப்ட் அட்டவணை, வருகைப் பதிவு, முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) ஆகியவை. இவற்றில் குறித்துள்ள நேரமும் இடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வழியில் திருமண வீட்டுக்குச் சென்றுவிட்டு வேறு பாதையில் வந்திருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் பற்றிக்கொள்ளும்.

தம்பி ஈ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர் என்றால் (மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய்), பணப்பயனைத் தர வேண்டியது ஈ.எஸ்.ஐ. கழகமே; நிறுவனத்திடம் தனியாக இழப்பீடு கோர முடியாது. இல்லையெனில் இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு செய்ய வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு விபத்து நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருந்தது. அச்சட்டத்துக்கும் ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பயண விபத்தைச் சேர்த்தே சொல்கிறது. மோதிய வாகனத்தின் மீது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலும் வழக்குத் தொடர இடம் இருந்தால், கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் ஆகிய இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.