பெல்லட் கிரில் இருக்கட்டும், அந்த சோபா பில்லை எடுங்கள்

கேள்வி: டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மனைவி, 2 குழந்தைகள். சொந்த வீட்டுக்கு வந்து 2 வருடம் ஆகிறது, பின்னால் நல்ல பேட்டியோ (திறந்த முற்றம்) இருக்கிறது. ஹூஸ்டனில் என் சகலை பெல்லட் கிரில் (மரத்தூள் துண்டில் எரியும் அடுப்பு) வாங்கி வாராவாரம் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) போடுகிறார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கும் ஆசை. ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 1,600 டாலர், வைஃபை, ஆப் எல்லாம் உண்டு. மனைவிக்கு இஷ்டமில்லை. அவர் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார், "சிக்கனுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மெஷின்" என்கிறார். கடை கார்டில் 12 மாதம் வட்டியில்லாமல் தருகிறார்கள், மாதம் 145 என்னால் கட்ட முடியும். நவம்பரில் மெத்தை (1,800 டாலர்), ஜனவரியில் டிவி (1,100) இரண்டையும் இதே மாதிரி 12 மாதத் திட்டத்தில்தான் வாங்கினோம். மெத்தைக்கு 55, டிவிக்கு 35 என்று ஆட்டோபேயில் போகிறது. அதற்கு முன் வாங்கிய சோபாவுக்கு (2,400, 18 மாதம், மாதம் 80) மட்டும் இந்த மார்ச்சில் 776 டாலர் வட்டி என்று ஏதோ போட்டுவிட்டார்கள். கடையில் கேட்டால் சரியான பதில் இல்லை. கிரில் இப்போதே வாங்கலாமா, தீபாவளி வரை பொறுத்தால் விலை இறங்குமா? நிஜமாகவே அது வொர்த்தா?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம் (இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்). அதில் கிரில்லுக்கு ஒன்றரைப் பக்கம், 776 டாலருக்கு இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டி மேலே போக முடியவில்லை.

"ஏதோ போட்டுவிட்டார்கள்" என்பது சரியில்லை. கணக்குப் பார்த்தேன். மாதம் 80 வீதம் 18 மாதத்தில் 1,440 கட்டியிருக்கிறீர்கள். பாக்கி 960. அந்த 960-க்குத்தான் வட்டி வரும் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் சோபாவில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்தே மாதாமாதம் இருந்த பாக்கிக்கெல்லாம் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது, உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடை கார்டுகளில் இன்று வட்டி 30 சதவீதத்தை ஒட்டி. சராசரி பாக்கி 1,720, ஒன்றரை வருடத்துக்கு 45 சதவீதம், பெருக்கினால் 774. உங்கள் பில்லில் 776. கடைக்காரர்கள் தப்பே செய்யவில்லை. கையெழுத்துப் போட்டபோது இருந்ததைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கு டிஃபர்டு இன்ட்ரஸ்ட் என்று பெயர். தள்ளிவைத்த வட்டி, தள்ளுபடி செய்த வட்டி அல்ல. விளம்பரத்தில் "நோ இன்ட்ரஸ்ட்" பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே "இஃப் பெய்ட் இன் ஃபுல்" (முழுசும் கட்டினால்) என்று கொஞ்சம் சின்ன எழுத்தில். அந்த "இஃப்"தான் உங்களிடம் 776 டாலர் வாங்கியது. கெடு முடியும் நாளில் 10 டாலர் பாக்கி இருந்தாலும் முழு வட்டியும் மேலே விழும். வங்கி கார்டில் வரும் நிஜமான ஜீரோ ஏ.பி.ஆர். (வருட வட்டி விகிதம்) வேறு ரகம். அங்கே கெடு முடிந்த பிறகு மிச்சப் பாக்கிக்கு மட்டும், அன்றிலிருந்து மட்டும்தான் வட்டி. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நீங்கள் மூன்று முறையும் தள்ளிவைத்த வட்டி என்ற தம்பியிடம் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பில்லில் வரும் மினிமம் தொகை கெடுவுக்குள் கடனைத் தீர்ப்பதற்காகப் போட்டதில்லை. 2,400-ஐ 18-ஆல் வகுத்தால் மாதம் 133 வந்திருக்கும். 80 கட்டினால் தீராது என்று முதல் மாதமே தெரிந்திருக்கலாம். ஆட்டோபே போட்டுவிட்டோம், அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்கள். ஆட்டோபே லேட் ஃபீயைத்தான் பார்த்துக்கொள்ளும்.

மெத்தையும் டிவியும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. மெத்தைக்கு 8 மாதம் 55 கட்டியாயிற்று, பாக்கி 1,360, நவம்பருக்கு இன்னும் 4 தவணை. டிவிக்கு 6 மாதம் 35 கட்டியாயிற்று, பாக்கி 890, ஜனவரிக்கு 6 தவணை. இப்படியே விட்டால் நவம்பரில் மெத்தைக்கு 450 டாலர் வட்டி, ஜனவரியில் டிவிக்கு 270. சேர்த்து 720. அந்தக் காசுக்குச் சின்ன சைஸ் பெல்லட் கிரில் ஒன்றே வந்துவிடும், தெரியுமா?

ஆகவே ஆகஸ்ட் முதல் இப்படிச் செய்யுங்கள். மெத்தைக்கு மாதம் 340, டிவிக்கு பழைய 35, ஆக 375. நவம்பரில் மெத்தை தீர்ந்துவிடும். அப்போது டிவியில் 750 இருக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் 375, 375. தீர்ந்தது. இப்போது இரண்டுக்குமாக 90 கட்டுகிறீர்கள், இனி 285 கூடுதலாக வேண்டும். அதில் 145 கிரில்லுக்கு ஒதுக்க முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 140-ஐ வீட்டுச் செலவில்தான் தேட வேண்டும், எங்கே தேடலாம் என்று உங்கள் மனைவிக்குத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். பில் கட்டும் கடைசித் தேதியும் திட்டம் முடியும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. திட்டம் 9-ஆம் தேதி முடியும், பில் தேதி 21 என்று இருக்கும். 20-ஆம் தேதி பெருமையாக முழுப் பணத்தையும் கட்டுவீர்கள், வட்டி 9-ஆம் தேதியே விழுந்திருக்கும். ஸ்டேட்மென்ட்டில் "ப்ரொமோஷன் எக்ஸ்பைர்ஸ்" என்று தனியாக ஒரு தேதி இருக்கும். அதைப் பார்த்து, அதற்குப் பத்து நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதே கார்டில் வேறு சாமான் எதுவும் வாங்காதீர்கள். திட்டத்தில் சேராத பாக்கி ஒன்று அதில் இருந்தால், மினிமத்துக்கு மேல் கட்டும் பணம் வட்டி அதிகமுள்ள பாக்கிக்குத்தான் முதலில் போகும். கடைசி இரண்டு பில்லில்தான் தள்ளிவைத்த கடனுக்கு முன்னுரிமை, 2009-இல் வந்த கார்டு சட்டப்படி.

இப்போது கிரில். ஆசை தப்பில்லை. ஆனால் சாமான் என்னவென்று தெரிந்து ஆசைப்படுவோம்.

பெயர்தான் கிரில், வேலையில் அது விறகு எரிக்கும் ஓவன். ஒரு பக்கப் பெட்டியில் பெல்லட்டைக் கொட்டுவீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த, கால் அங்குலம் பருமனுள்ள துண்டுகள். கீழே ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குத் தள்ளும், மின்கம்பி பற்றவைக்கும், விசிறி ஊதும், கன்ட்ரோலர் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் வீட்டுத் திருவிழாச் சமையலில் விறகைத் தள்ளி, இழுத்து, ஊதிக்கொண்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பாரே, அவர் வேலையை மோட்டார் செய்கிறது. கரண்ட் போனால் தாத்தாவும் போய்விடுவார். ஆரிகன் மாநிலத்தில் டிரேகர் கம்பெனி 1980-களில் கொண்டுவந்தது இது. 2006-இல் அவர்கள் காப்புரிமை முடிந்த பிறகு ஏகப்பட்ட கம்பெனிகள் இறங்கிவிட்டன, அதனால்தான் 500 டாலரிலிருந்தே இன்று கிடைக்கிறது. 1,600-க்கும் 500-க்கும் நடுவில் உள்ள காசில் கனமான தகரம் கொஞ்சம், ஆப் கொஞ்சம். ராத்திரி 2 மணிக்குப் படுக்கையில் இருந்தபடி கறியின் சூட்டை போனில் பார்ப்பதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.

இந்த அடுப்பு எதற்கு நல்லது? 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12, 14 மணி நேரம் ஆடாமல் அசையாமல் நிற்பதற்கு. அதாவது பிரிஸ்கெட்டுக்கு. பிரிஸ்கெட் 165 டிகிரி பக்கம் வந்ததும் மணிக்கணக்கில் சூடு ஏறாமல் அடம்பிடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்பதுதான் பெல்லட் கிரில்லின் மொத்தப் பெருமையும். எதற்குச் சரிப்படாது? சுரீரென்ற தீக்கு. பெரும்பாலானவை 450, 500 டிகிரியோடு நின்றுவிடும். மசாலா தடவிய சிக்கன் லெக் பீஸில் ஓரம் கருகி, கொழுப்பு சொட்டி, புகை மேலே ஏறுமே, அந்த ருசி கரியில்தான் வரும். இதில் சிக்கன் நன்றாகவே வேகும், ஆனால் ஓவனில் வைத்தது மாதிரி அடக்கமாக இருக்கும்.

உங்கள் சகலைக்குக் கணக்குச் சரியாக வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 14 பவுண்டு பச்சைப் பிரிஸ்கெட், பவுண்டு 5 டாலர் என்றால் 70. பெல்லட் 12 டாலர். கிரில்லின் தேய்மானம் ஒரு 25. ஆக 107. வெந்து முடிந்தால் 7 பவுண்டு தேறும், கடையில் வாங்கினால் பவுண்டு 30 வீதம் 210. வாராவாரம் போடுகிற மனிதருக்கு அந்த 25-கூட இன்னும் குறையும். அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், வாங்கட்டும்.

உங்கள் வீட்டில்? 1,600, அதற்கு 8.25 சதவீத வரி, 1,732. கவரும் முதல் சில மூட்டை பெல்லட்டும் சேர்த்தால் 1,850. முதல் இரண்டு மாதம் வாராவாரம் எரியும், பிறகு குழந்தைகளின் கிளாஸ், பர்த்டே பார்ட்டி என்று வருடம் 15 தடவை. 5 வருடத்துக்கு 75. ஒரு தடவைக்கு 25 டாலர் தேய்மானம், 5 டாலர் பெல்லட். உங்கள் மனைவி சாப்பிடும் சிக்கனை வேகவைக்க 30 டாலர், சிக்கன் விலை தனி. 45 நிமிடத்தில் வேகும் சிக்கனுக்கு 14 மணி நேரம் நிற்கத் தெரிந்த மெஷின் எதற்கு என்றுதான் அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 200 டாலர் பக்கம் கிடைக்கும், கரி போட்டு எரிக்கும் வட்டமான கெட்டில் கிரில் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். என் வீட்டுப் பின்னால் அதுதான் நிற்கிறது, 11 வருடமாக. அடிச்சட்டி ஒரு தடவை மாற்றியிருக்கிறேன்.

விலை இறங்குமா என்று கேட்டீர்கள். இறங்கும், தேங்ஸ்கிவிங் சமயத்தில். மெத்தையின் கெடுவும் அதே நவம்பரில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த வாரம் கடைப் பக்கமே போக வேண்டாம்.

ஜனவரியோடு இரண்டு கடனும் தீர்ந்தபின், அதே 375-ஐ நிறுத்தாமல் ஒரு சேவிங்ஸ் கணக்கில் போடுங்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை 5 மாதம், 1,875. கிரில், வரி, கவர், பெல்லட் எல்லாவற்றுக்கும் கையில் காசு. அப்போதும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்குள் நான்கைந்து தடவை ஹூஸ்டனுக்குப் போய், சாப்பிட மட்டும் செய்யாமல், மறுநாள் காலையில் சாம்பல் அள்ளுவது, கொழுப்புத் தட்டைச் சுரண்டுவது எல்லாவற்றையும் கூட இருந்து பாருங்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. உங்களைப் போல ஆசைப்பட்டு வாங்கிய பலருடையது இரண்டாம் வருடம் விற்பனைக்கு வந்துவிடுகிறது, பாதி விலைக்கு. பார்க்கப் போகும்போது மூடியைத் திறந்து பளபளப்பைப் பார்க்காதீர்கள். உள்தட்டைத் தூக்கி எரிகிண்ணத்தைப் பாருங்கள், துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று. பெட்டியின் அடியில் கையை விட்டுத் தடவுங்கள். மழையில் நனைந்த பெல்லட் உப்பி, மறுபடி மரத்தூளாகி, காய்ந்து சிமென்ட் மாதிரி திருகை இறுக்கியிருக்கும். விற்பவரிடம் ஒரு அரை மணி நேரம் எரியவிடச் சொல்லுங்கள். 225 வைத்தால் 225-இல் நிற்கிறதா, திருகு திக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.