பாலைப்பழமும் முத்தின கலமும்

அண்ணை, மாமான்ர மகனுக்கு ஏபிஎல் எண்ட வகை லுகீமியா, இரத்தப் புற்றுநோய். ஏட்ரா எண்டு ஒரு குளிசை குடுத்து, இது கலத்தைக் கொல்லாது, முத்த வைக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். ஒரு கிழமையால காய்ச்சல், மூச்சிழுப்பு, உடம்பும் ஊதிப்போட்டுது. ரெண்டு நாள் பாத்திட்டுத்தான் திருப்பிக் கொண்டோடினது. மாற்ற வந்த மருந்து ஏன் இப்பிடிச் செய்யுது? விட்டமின் ஏ தானே, முருங்கை இலையும் கரட்டும் காணும் எண்டு மாமா நிக்கிறார்.
ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புத் தங்கச்சி,

மாமான்ர கதையை முதல்ல முடிப்பம். ஏட்ரா விட்டமின் ஏக்குச் சொந்தம்தான், ஆனா ஒரு காடு முருங்கையை அவிச்சுக் குடுத்தாலும் அது வராது. தன்ர எண்ணத்துக்குக் குளிசையை நிப்பாட்டினா நான் அங்க வந்து நிப்பன் எண்டு சொல்லுங்கோ.

முத்திறது எண்ட சொல்லு எனக்கும் கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடுது. போன கிழமை மாங்குளம் தாண்டி ஏ9 ரோட்டோரம் பாலைப்பழம் வாங்கினன். சின்னனில அப்பாவோட காட்டுக்குப் போனா பச்சைக் காயை இழுத்துப் பாப்பன், இலையும் கொப்பும் சேர்ந்து வரும், கையெல்லாம் பால், ஆனா காய் விடாது. பழுத்ததெண்டா கொப்பைத் தட்டக் கொட்டும். விட்டிட்டுது எண்டு வாயில வைச்சா சொண்டு ரெண்டும் ஒட்டிப்போடும், அம்மா தேங்காயெண்ணெய் பூசித்தான் பிரிப்பா. மரத்தை விட்ட பழம் என்னைப் பிடிச்சுது.

உங்கட தம்பிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட உதுதான். என்புமச்சைக்குள்ள இளம் இரத்தக் கலத்துக்கு விஎல்ஏ-4 எண்டொரு பிடி, அதால அங்கத்தைய விகாம்-1, பைப்ரோனெக்டின் எண்ட புரதங்களைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். நியூட்ரோபில் எண்ட, கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலத்தின்ர பக்கமா முத்த முத்த அது குறைஞ்சு, சிடி11பியும் சிடி18 உம் சேர்ந்த வேறொரு பிடி, இன்டெக்ரின் எண்ட வகைப் புரதம், கூடும். லாப்பில எச்எல்-60 எண்ட லுகீமியாக் கலத்துக்கு ரெட்டினோயிக் அமிலம் (ஏட்ராவும் அதுதான்) விட்டிட்டு, முத்தினதோ எண்டு பாக்கிறதே சிடி11பியை வைச்சுத்தான். இந்தப் புதுப் பிடி இரத்தக்குழாய்ச் சுவரில இருக்கிற ஐகாம்-1 எண்ட புரதத்தைப் பிடிக்கும். சாதாரண நியூட்ரோபில் புண் இருக்கிற இடத்தில குழாயை விட்டு வெளிய போறது அப்பிடி ஒட்டித்தான், அது நல்லதுக்கு. ஆனா லுகீமியாக் கலம் கும்பலா ஒரேயடியா அரைகுறையா முத்தி நுரையீரல்ச் சின்னக் குழாயளில ஒட்டி உள்ள இறங்கினா, குழாயும் ஒழுகும், மூச்சு இழுக்கும், தண்ணி கட்டி நிறை ஏறும்.

மருந்து பிழைச்சதெண்டு நினையாதேங்கோ. 1988 இல ஷாங்காயில வாங் சென்-யி ஆக்கள் 24 பேருக்கு ஏட்ரா குடுத்து எழுதினதில இருந்துதான் இந்த நோயின்ர தலையெழுத்தே மாறினது. இந்த ஊதலும் இழுப்பும் டொக்டர்மாருக்குத் தெரிஞ்ச கதை, டெக்ஸாமெதசோன் எண்ட ஸ்டீரொய்ட் மருந்து உடன போடுவினம். உடன! அதுக்குத்தான் கத்திறன். மூச்சு இழுக்கிற பிள்ளையை வைச்சுக்கொண்டு ரெண்டு நாளா என்னத்தைப் பாத்தனியள்? மழை வருமோ எண்டோ? சிரமப்படுத்தக் கூடாதெண்டு இருந்திருப்பியள், எங்கட சனத்தின்ர பழக்கம், டொக்டரிட்டப் போறதெண்டா கடன் கேக்கப் போறமாதிரி. இனிமேல் காய்ச்சல், இழுப்பு, கால் வீக்கம், ரெண்டு கிலோ நிறை கூடினாக்கூட, இரவெண்டும் பாராமல் போங்கோ. தினம் காலமை நிறையை எழுதி வையுங்கோ.

இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டு எழுதேல்லை, அதை முதல்ல எழுதுங்கோ. பாலைப்பழம் கேட்டா ரோட்டில வித்ததைக் குடுக்காதேங்கோ, இரத்த அளவு ஏறினாப் பிறகு டொக்டரைக் கேட்டிட்டு நானே ஒரு சுண்டு கழுவிக் கொண்டு வாறன், எண்ணெயும் சேர்த்து.