பையில் இருந்த பகடைகள்

கேள்வி: எனக்கு வயது 39. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நண்பர் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதை விளையாட்டை ஆடி வருகிறோம். பணம் வைப்பதில்லை, குடிப்பதும் இல்லை. வீட்டில் அலுவலக வேலை என்றுதான் சொல்லிவந்தேன். சென்ற மாதம் என் பையில் பகடைகளைப் பார்த்த மாமியார், நான் சூதாடுகிறேன் என்று எண்ணி அழுதுவிட்டார். உண்மையைச் சொன்ன பிறகு கேலி தொடங்கியது. ஒரு கல்யாண வீட்டில் பலர் நடுவே மைத்துனர், “என்ன அத்தான், இந்த வாரம் எத்தனை அரக்கனைக் கொன்னிய?” என்று கேட்டார். “சீட்டு ஆடினால்கூட வெளியே சொல்லிக்கொள்ளலாம்” என்கிறாள் மனைவி. எங்களில் ஒருவர் மாற்றலாகிப் போனதால் இப்போது நான்கு பேர்தான் இருக்கிறோம். இதோடு விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மாமியாரின் கண்ணீரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பகடை என்றாலே நாட்டை இழந்த தருமர் நினைவுக்கு வருகிற ஊர் நம்முடையது. கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்து, இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2023-இல் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்ததையும் பார்த்தவர்கள் நாம். மருமகன் மாதம் இரண்டு ஞாயிறு ஏதோ வேலை என்று சொல்லிப் போகிறார், விசாரித்தால் மழுப்புகிறார், ஒருநாள் அவர் பையிலிருந்து நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கண்டறியாத பகடைகள் உருண்டு விழுகின்றன. மகளைக் கொடுத்த தாய் வேறு என்னதான் நினைப்பார்? சூதாடுகிறவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே மூன்று ஆண்டுகள் நடந்துகொண்டது நீங்கள்தான். ஆட்டத்தில் குற்றமில்லை; மறைத்ததில் இருக்கிறது. மைத்துனர் கேலி செய்வதற்கு வெகுநாள் முன்பே உங்களை நீங்களே கேலிக்குரியவராக நினைத்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சீட்டு என்றால் அடுத்த வீட்டுக்காரருக்குப் புரியும். நல்லதோ கெட்டதோ, அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் ஆடுவதற்குப் பெயர் இல்லை, “உங்க வீட்டுக்காரர் எங்கே?” என்று கேட்பவரிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவர் திணறுகிறார். ஆகவே அவருக்கு ஒரு விளக்கம் கொடுங்கள், அதையும் ஆங்கிலப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவராகத்தான் அவரும் இருப்பார். வில்லின் முன் அமர்ந்து ஒருவர் கதையை நடத்திச் செல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் “ஆமா” போட்டு அதைத் தாங்கிப் பிடிப்பதைப்போல, உங்கள் மாடியிலும் ஒருவர் கதை நடத்துகிறார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று சொல்கிறார்கள். வில்லுப்பாட்டில் கதையின் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். சுடலைமாடன் கதையை எவரும் நடுவில் மாற்றிவிட முடியாது. உங்கள் ஆட்டத்திலோ, பூட்டிய கதவை உடைக்கலாமா, காவலாளியிடம் நயமாகப் பேசிப் பார்க்கலாமா என்பதை ஆடுபவர் முடிவு செய்ய, அந்த முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடையில் விழும் எண்ணும் அந்தப் பாத்திரத்தின் திறமையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வென்றவர், தோற்றவர் என்று எழுந்து போவதில்லை. கதை அடுத்த கூடலுக்குத் தொடர்கிறது. பந்தயப் பொருளே இல்லாத இடத்தில் பகடை இருப்பதால் மட்டும் அது சூதாகிவிடாது. இதை உங்கள் மனைவியிடம் ஒருமுறையாவது உட்கார்ந்து சொன்னீர்களா? கடிதத்தில் அதற்கான சுவடு இல்லை.

வளர்ந்தவர்கள் விளையாடலாமா என்ற கேள்விக்கு நம் ஊரின் பதில் சற்று வேடிக்கையானது. என் ஆச்சி, மதியச் சாப்பாடு முடிந்ததும், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டித் தாயம் ஆடுவாள். வெட்டுப்பட்ட காய்க்காக அவள் போட்ட சண்டைகளைத் தெருவே கேட்டிருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடும் பெரியவர்களை யாரும் சிறுபிள்ளைகள் என்பதில்லை. குலசேகரன்பட்டினத்துத் தசராவில், பொறுப்பான வேலையில் இருப்பவர்கள்கூடக் காளியாகவும் அரசனாகவும் குரங்காகவும் வேடம் கட்டிக் காணிக்கை பெற்று வருகிறார்கள். அது நேர்த்திக்கடன், உங்களுடையது வெறும் பொழுதுபோக்கு; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் மாமியார் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கும். ஆனாலும், வளர்ந்த ஒருவர் சிறிது நேரம் தானல்லாத இன்னொருவராக இருப்பது நம் கண்ணுக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தொல்காப்பியர்கூட உவகை பிறக்கும் இடங்கள் நான்கில் ஒன்றாக விளையாட்டை வைத்தாரே தவிர, அதற்கு வயது வரம்பு வைக்கவில்லை.

உங்கள் விளையாட்டின் பிறப்பையும் மைத்துனர் அறிந்துகொள்ளட்டும். 1974-இல் வெளிவந்த அதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள். கைகாக்ஸ் அப்போது முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர்; காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், செருப்புத் தைத்தும் பிழைத்தவர். முதல் பதிப்பு ஆயிரம் படிகள் மட்டுமே. ஆக, பிள்ளைகளின் பெட்டியிலிருந்து பெரியவர்கள் திருடிய பொருள் அல்ல இது. அங்கும் பழிச்சொல் வந்தது, உங்களுக்கு வந்ததைவிடக் கடுமையாகவே வந்தது. 1982-இல் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய், இந்த விளையாட்டே காரணம் என்று நம்பி, மறு ஆண்டே அதை எதிர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். இது சாத்தான் வழிபாடு என்ற பேச்சு தொலைக்காட்சி வரை போயிற்று. பிறகு ஆராய்ந்தவர்கள் விளையாட்டுக்கும் தற்கொலைக்கும் அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. அந்தத் தாயை நான் பழிக்கமாட்டேன். புரியாத ஒரு பொருளை மகனிடம் கண்டவர் அவர். உங்கள் மாமியாரும் அதைத்தான் கண்டார்.

இனி செய்யவேண்டியது. விட்டுவிட வேண்டாம். ஆனால் பொய் சொன்னதற்கு மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். விளையாட்டுக்காகக் கேட்காதீர்கள், இரண்டையும் கலந்தால் ஆட்டமே குற்றம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். கணக்கராகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மூன்றாண்டுகளில் பகடைக்கும் புத்தகத்துக்கும் எவ்வளவு செலவானது, மாதத்தில் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்த இரண்டு ஞாயிறுகளில் வீட்டுச் சுமை முழுவதும் அவர் தலையில் விழுகிறது என்றால், அவருக்கும் அதே அளவு நேரம் மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். இந்த இடத்தில் மட்டும் அவருடைய மனக்குறை முற்றிலும் நியாயமானது. மாமியாரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். பணம் வைப்பதில்லை என்பதை மனைவி வாயால் கேட்டாலே அவருக்குப் போதும்.

மைத்துனரின் கேள்விக்கு அடுத்த முறை சிரிக்காமல், நேராகவே பதில் சொல்லுங்கள்: “இந்த வாரம் ஒருவனையும் கொல்லவில்லை, மாப்பிள்ளை, பாலத்தைக் கடக்கச் சுங்கம் கேட்டவனிடம் பேரம் பேசியே நான்கு மணி நேரம் போய்விட்டது.” அப்படியே, ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். பத்துப் பேர் நடுவே அப்படியொரு கேள்வியைத் தயங்காமல் கேட்கத் தெரிந்தவர் உங்கள் மேசைக்கு நல்ல ஆளாகத்தான் இருப்பார். அவர் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை அழைக்க வேண்டாம்.